குடி என்றார்கள், நோய் என்று தெரியவில்லை

எங்கள் பாட்டி ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் நாங்கள் சிரிப்போம். வயசாயிடுச்சு, அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் வாழ்க்கையைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

1918-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் அவர். அப்பா ஸ்பெயின் நாட்டு நடனக் கலைஞர். சின்ன வயதிலேயே அப்பாவோடு ஜோடியாக மேடையில் ஆடினார். 1946-ல் வந்த ‘கில்டா’ படம் அவரை உலகமெங்கும் கொண்டுபோனது. அதற்கு முன்பே ஃபிரெட் அஸ்டெயரோடு இரண்டு படங்களில் ஆடியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் காட்டிய ஆட்டத்தை, சாப்பிட்டு வந்ததும் பிசகாமல் ஆடிக்காட்டுவார் என்று அஸ்டெயரே வியந்திருக்கிறார். அவ்வளவு ஞாபகசக்தி!

ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்த ஞாபகசக்தியே அவரைக் கைவிட்டது. 1972-ல் வெளியான அவருடைய கடைசிப் படத்தில், வசனம் மனதில் நிற்காததால் ஒவ்வொரு வரியாகப் படம்பிடித்தார்கள். 1976-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தலை கலைந்து, மிரண்டுபோய் விமானத்தை விட்டு இறங்கினார். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. குடிபோதை என்று ஊரே பேசியது. அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது உண்மைதான். அதனாலேயே வேறு காரணம் இருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை.

1980-ல்தான் அல்சைமர் நோய் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 1906-லேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய் இது. ஆனாலும் மக்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. 1981-ல் நீதிமன்றம் ரீட்டாவை மகள் யாஸ்மின் ஆகா கானின் பொறுப்பில் ஒப்படைத்தது. அம்மாவைக் கடைசிவரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார் மகள். 1987 மே 14-ல், 68 வயதில் ரீட்டா காலமானார். அம்மாவின் நோயை மகள் மூடி மறைக்கவில்லை. அம்மாவின் பெயரிலேயே விழா நடத்தி, நோய் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கும் கோடிக்கணக்கான டாலர் திரட்டினார்.

நண்பர்களே, எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு இதாலும் மறதி வரும். அதுக்கு மருந்து இருக்கு. சோதிச்சுப் பார்த்தால்தானே தெரியும்? பெற்றவர்களையும் பெரியவர்களையும் தெய்வமாக மதிக்கணும் என்று கோயிலில் கேட்கிறோம். அவர்கள் தடுமாறும்போது கேலி பண்ணாமல் கிளினிக்குக் கூட்டிப்போவதும் அந்த மரியாதைதான்.

இந்த செமஸ்டர் லீவில் பாட்டியைக் கூட்டிப்போகிறோம். ஐந்தாவது தடவை கேட்டாலும், முதல் தடவை கேட்ட மாதிரியே பதில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.