தெளிந்த ஒலி தந்த ஆம்ஸ்ட்ராங்

மழைக்காலத்தில் தாத்தாவின் வானொலிப் பெட்டியில் மத்திய அலையை வைத்தால், ஒவ்வொரு மின்னலுக்கும் கரகரவென்று இரையும். பண்பலைக்குத் திருப்பினாலோ பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமானவர் யார் என்று தேடியபோதுதான் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற பெயரை அறிந்தேன்.

அவர் 1890-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, 1912-இல், மெலிந்த வானொலி அலைகளைப் பன்மடங்கு பெருக்கும் மின்சுற்றைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 21. எனக்கு இப்போது இருபது என்று நினைக்கையில் வெட்கமும் வருகிறது, ஊக்கமும் பிறக்கிறது.

மத்திய அலை ஒலிபரப்பில் ஒலிக்கேற்ப அலையின் வீச்சு கூடிக் குறைகிறது. மின்னலும் மோட்டாரும் கெடுப்பது அந்த வீச்சைத்தான். எது பாட்டு, எது இரைச்சல் என்று பெட்டிக்குத் தெரியாது. ஆம்ஸ்ட்ராங் வீச்சை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றினார். பெட்டிக்குள் வீச்சின் ஏற்ற இறக்கத்தை வெட்டிவிட்டால் இரைச்சலின் பெரும்பகுதி அதனோடு ஒழிந்துவிடும். அலைப்பட்டையைக் குறுக்க இம்முறை உதவாது என்று 1922-இல் கார்சன் என்பவர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். எல்லாரும் குறுக்கப் பார்த்த பட்டையை இவர் அகலமாக்கிப் பார்த்தார்! 1933-இல் காப்புரிமை கிடைத்தது. 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன் அதை இயக்கிக் காட்டினார். நீர் ஊற்றும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் உள்ளபடியே கேட்டன.

ஆனால் தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது. அவருடைய பழைய நண்பர் சார்னாஃப் நடத்திய ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சியில்தான் கருத்தாக இருந்தது. 1945-இல் அமெரிக்க அரசு பண்பலையை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு மாற்றியது. மக்கள் அதுவரை வாங்கியிருந்த பண்பலைப் பெட்டிகள் பயனற்றுப் போயின. (நம் வீட்டுப் பெட்டிகளில் காணும் எண்களும் அவையே.) 1948-இல் ஆர்.சி.ஏ. மீது அவர் தொடுத்த காப்புரிமை வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பணம் கரைந்தது, உடல்நலம் குன்றியது, மனைவியோடும் பிணக்கு. 1954 ஜனவரி இறுதியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மனைவி மேரியன் திருமணத்துக்கு முன் அதே சார்னாஃபின் செயலாளராகப் பணியாற்றியவர். கணவர் விட்டுச்சென்ற வழக்குகளை அவர் விடாமல் நடத்தினார். அந்த ஆண்டே ஆர்.சி.ஏ. பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 1967-இல் கடைசி வழக்கிலும் மேரியன் வென்றார். பத்து ஆண்டுகள் கழித்து, 1977-இல், இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது.