குளிரை வென்ற தகரக் கொல்லர் மகன்

ஐரோப்பாவில் பனிக்காலம் பொல்லாதது. இரவில் தெருவில் நிற்கும் காரின் எஞ்சினில் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடும். உறையும் தண்ணீர் விரியும். எஞ்சினே வெடிப்பு விட்டுவிடும்!

பணக்காரர் காரைக் கொட்டகையில் நிறுத்துவார். கொட்டகை இல்லாதவர் என்ன செய்வார்?

இதற்குத் தமது காரில் விடை தந்தவர், பெர்டினாண்டு போர்ஷே.

பட்டறைப் பிள்ளை

1875-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி போர்ஷே பிறந்தார். அவரது ஊர் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது. தந்தை தகரக் கொல்லர்.

பகலில் பட்டறை வேலை. இரவில் தொழிற்பள்ளிப் படிப்பு. மின்சாரத்தின் மீது அவருக்குத் தீராத மோகம். 18 வயதில் வியன்னா நகருக்குச் சென்றார்.

1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் அவருடைய மின்சாரக் காரைக் கண்டு மக்கள் வியந்தனர். அதன் சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார் இருந்தது!

மக்கள் கார்

1934-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. மலிவான மக்கள் கார் செய்யும் பொறுப்பு போர்ஷேயிடம் வந்தது. பின்னாளில் வண்டு என்று உலகம் செல்லமாக அழைத்த வோக்ஸ்வாகன் அதுதான்.

அதன் எஞ்சின் பின்புறம் இருந்தது. அதில் தண்ணீரே கிடையாது. விசிறி ஊதும் காற்றுதான் எஞ்சினைக் குளிர்வித்தது. இப்படிப்பட்ட எஞ்சின் முன்பே உண்டு. அதை ஏழைக்கு ஏற்றதாக்கினார் போர்ஷே.

தண்ணீர் உள்ள காரில், சூடேறிய தண்ணீரைக் கொண்டு உள்ளே இருப்பவர்களுக்கு வெப்பம் தரலாம். வண்டுக் காரில்?

எஞ்சினைச் சுற்றிச் சூடான காற்றே அதற்குப் பயன்பட்டது. குமிழைத் திருப்பினால், கதவுகளுக்கு அடியில் உள்ள குழல் வழியே அந்தக் காற்று முன்னே வரும். கால்களுக்கு இதம். முன் கண்ணாடியில் படிந்த பனியும் உருகும்.

குறையும் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், வெப்பம் போதாது. எண்ணெய் கசிந்தால் நாற்றம் உள்ளே வரும். புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுப்புகை வந்து உயிருக்கே ஆபத்தாகும்!

அழியாத கறை

போர்ஷே 1937-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். மக்கள் காருக்காக 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் கட்டிக் காத்திருந்தனர். 1939-இல் போர் மூண்டது. பணம் கட்டியவர்களுக்குக் கார் வரவில்லை. ஆலையில் போர்த் தளவாடங்கள் செய்தார்கள். பிற நாடுகளிலிருந்து பிடித்து வந்தவர்களை அடித்து வேலை வாங்கினார்கள். போர்ஷேயின் வாழ்வில் இது அழியாத கறை.

1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைது செய்தனர். விசாரணை இல்லாமலே 1947 ஆகஸ்டு வரை சிறை. உடல் நலிந்து வெளியே வந்தார். 1951 ஜனவரி 30-ந் தேதி மறைந்தார்.

அவருக்குப் பின்

1962-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலையினர் ஒரு திருத்தம் செய்தனர். புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் தூய காற்றைத் தனியே செலுத்திச் சூடாக்கினர். எண்ணெய் நாற்றம் குறைந்தது. உறைக்குள் இருக்கும் குழாயில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது மட்டும் மாறவில்லை.

2003-இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 2 கோடியே 15 லட்சம் வண்டுக் கார்கள் வெளிவந்தன. கொட்டகை இல்லாதவரின் காரும் இரவெல்லாம் பனியில் நின்று, காலையில் கிளம்பியது.