வானொலி மேதை ஆம்ஸ்ரோங்

நியூயோர்க்கில் 1890ஆம் ஆண்டு பிறந்த எட்வின் ஹோவாட் ஆம்ஸ்ரோங், கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோதே, 1912இல், வெற்றிடக் குழாயிற் பெருகிய சைகையின் ஒரு பகுதியை அதற்கே மீண்டும் ஊட்டிப் பன்மடங்காக்கும் வழி கண்டார். முதலாம் உலகப் போரிற் படையதிகாரியாய்ப் பிரான்சிலிருந்தபோது, 1918இல், நேரே பெருக்குதற்கரிய உயர்மீடிறன் அலைகளைத் தாழ்மீடிறனுக்கு மாற்றிப் பின் பெருக்கும் முறையை அமைத்தார். வானொலிப் பெட்டிகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று. இரைச்சல் குறைந்த எப்.எம். முறைக்கு 1933இல் உரிமம் பெற்றார்.

எனினும், முதற் கண்டுபிடிப்பு லீ டி பொறெஸ்ற்றுக்கே உரியதென 1934இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தது. அதற்காகப் பெற்ற பதக்கத்தை ஆம்ஸ்ரோங் திருப்பியளிக்க முன்வந்தார். வானொலிப் பொறியியலாளர் கழகமோ அதனை ஏற்க மறுத்து, அவர் பெருமையை உறுதிசெய்தது.

எப்.எம். உரிமை வழக்குகளால் மனமுடைந்து 1954இல் மறைந்தார். மனைவியார் மரியன் தளராது வழக்காடி, 1967இல் இறுதி வழக்கிலும் வென்றார். வானொலி கேட்குந்தோறும் அப்பெரியாரை நம் மாணவர் நினைவாராக.