மயிலாப்பூரில் 13 மாதம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து வர்ற நம்ம பசங்க வீட்டுல யாராவது ஒருத்தர் ஷூ கம்பெனிக்கோ டேனரிக்கோ போறவங்களா இருப்பாங்க. தோல் இல்லாம நம்ம ஊர்க் கதையே இல்லை. அதனாலதான், தோல் பெல்ட்டையும் செருப்பையும் வேண்டாம்னு கழற்றிப் போட்ட ஒரு கூட்டத்தைப் பற்றிப் படிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இத்தாலியில் அசிசி என்ற ஊரில் துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் பிரான்சிஸ். சொத்தை விட்டு, தோல் பெல்ட்டுக்குப் பதிலாக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, 1209 வாக்கில் அவர் தொடங்கியதுதான் பிரான்சிஸ்கன் சபை. மடத்துக்குள் அடைந்து கிடக்காமல் ஊர் ஊராக நடப்பதும், கிடைத்ததைச் சாப்பிடுவதும், ஜனங்களோடு பேசுவதும்தான் இவர்கள் வழி. அப்படிக் கிளம்பிய ஒருத்தர் 700 வருஷத்துக்கு முன்னாடியே மயிலாப்பூர் வரைக்கும் வந்திருக்கார். அவர்தான் தெற்கு இத்தாலியின் மொந்தெகொர்வினோவில் 1247 வாக்கில் பிறந்த ஜான்.

1289-ல் போப் நான்காம் நிக்கோலஸ், சீனாவை ஆண்ட குப்லாய் கானுக்குக் கடிதம் கொடுத்து ஜானை அனுப்பினார். 1291-ல் பாரசீகத்தின் தப்ரீஸிலிருந்து இந்தியாவுக்குப் பயணம். கூடவே தொமினிக்கன் சபைத் துறவி நிக்கோலஸும், பீட்டர் என்ற வியாபாரியும்.

பாண்டியன் குலசேகரன் ஆண்ட காலம் அது. சோழமண்டலக் கரையில் ஜான் 13 மாதம் தங்கினார். சுமார் 100 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மத வேலையோடு நிறுத்திக்கல. கண்ணில் பட்டதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பினார். இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அதில் ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். இங்கே ஓடிய கப்பல்களில் இரும்பு ஆணியே கிடையாதாம். பலகைகளைக் கயிறால் துணி மாதிரி தைத்திருந்தார்களாம். கயிறு அறுந்தால் கதை முடிந்தது. பருவக்காற்று எந்த மாசம் எந்தப் பக்கம் அடிக்கும், அதனால் கப்பல் எப்போ போகலாம், எப்போ போகக்கூடாது என்பதையும் குறித்து வைத்தார்.

அந்த 13 மாதத்திலேயே நிக்கோலஸ் இறந்துபோனார். மயிலாப்பூர் தோமையார் கோயிலில் அவரை அடக்கம் செய்துவிட்டு ஜான் சீனாவுக்குப் புறப்பட்டார்.

இன்றைய பெய்ஜிங் போய்ச் சேர்ந்தபோது வருஷம் 1294. கடிதம் யாருக்கோ, அந்தக் குப்லாய் கானே இறந்துபோயிருந்தார். அங்கே ஏற்கனவே இருந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களுக்கு இவர் வந்தது பிடிக்கல. ஒரு பழி கிளம்பியது: போப் அனுப்பிய உண்மையான தூதரை இந்தியாவில் வைத்துக் கொன்று, அவர் கொண்டுவந்த பொருளைத் திருடிய ஆள்தான் இவர் என்று! யோசிச்சுப் பாருங்க. கூட வந்த நண்பரை இந்திய மண்ணில் புதைத்துவிட்டு வந்த மனுஷன் மேல் இப்படி ஒரு பழி. அது பொய் என்று நிரூபணமாக ஏறக்குறைய 5 வருஷம் ஆனது.

ஆனாலும் 1299-க்குள் ஒரு ஆலயமும், மூன்று மணிகளோடு ஒரு கோபுரமும் எழுந்தன. மங்கோலியர் பேசிய மொழியைக் கற்று, புதிய ஏற்பாட்டை அதில் மொழிபெயர்த்தார். 40 சிறுவர்களை விலைக்கு வாங்கி லத்தீனும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். குழந்தைகளை விலைக்கு வாங்கியது இன்று நம்மை உறுத்தும், உறுத்தவும் வேண்டும். 1305-ல் இரண்டாவது ஆலயத்துக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர் பழைய பயணத் தோழர் பீட்டர்.

அதே வருஷம் ஜான் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஏக்கம் தெரிகிறது. 12 வருஷமாக ரோமிலிருந்தோ தன் சபையிலிருந்தோ எந்தச் செய்தியும் வரலையாம். 11 வருஷம் இன்னொரு துறவி துணையில்லாமல் தனியாகவே இருந்திருக்கிறார். வயசு 58, அதற்குள் முடியெல்லாம் நரைத்துவிட்டதாம், அதுவும் வயசால் இல்லையாம், பட்ட பாட்டால். நமக்கு ரெண்டு நாள் ரிப்ளை வரலைன்னாலே எடுத்த வேலையை விட்டுடுறோம்.

1307-ல் போப் ஐந்தாம் கிளமெண்ட் அவரைப் பேராயர் ஆக்கி, உதவிக்கு 7 பேரை அனுப்பினார். போய்ச் சேர்ந்தது மூன்றே பேர். 1328 வாக்கில் ஜான் அங்கேயே இறந்தார். 1368-ல் மிங் வம்சம் வந்தபின் அந்தச் சபை சீனாவில் தடமில்லாமல் போனது. கடிதங்கள் மட்டும் தப்பின.

சென்னை போனா சாந்தோம் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. இப்போ இருக்கிற கட்டடம் 1896-ல் திறந்தது. ஆனா ஜான் தன் நண்பரை விட்டுப் பிரிந்தது அந்த மயிலாப்பூர்க் கரையில்தான்.