மழையின் கணக்கைத் தேடியவர்

நாகலாபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி எனப் பரந்து கிடக்கும் நமது கரிசல் சீமை வானம் பார்த்த பூமி. கோடையில் வெடித்துப் பிளக்கும் இம்மண், ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் ஈரத்தை நெடுநாள் காத்து வைக்கும். அந்த ஈரத்தை நம்பியே கம்பும், சோளமும், உளுந்தும், பருத்தியும், மிளகாயும் விளைகின்றன. மழைக்கு முன்னரே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போர் பலர். மழை பொய்த்தால் விதையும் வீண், உழைப்பும் வீண். ஆகவே, இவ்வாண்டு மழை எப்படி என்பது நமக்குப் பாடப்புத்தகக் கேள்வி அன்று, அடுப்படிக் கேள்வி. அதற்கு விடை தேடி இந்தியாவில் இருபது ஆண்டுகள் உழைத்த சர் கில்பர்ட் வாக்கரின் வரலாற்றை இங்கு காண்போம்.

வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் என்னும் வளைதடியை எறிவதில் அவருக்குப் பெருவிருப்பம். அதனால் நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தனர். புல்லாங்குழலிலும் பறவைகள் பறக்கும் விதத்திலும்கூட அவர் கணக்கைக் கண்டார்.

அந்நாளில் இந்தியா பஞ்சங்களால் நலிந்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் நெடுங்காலம் மறக்கவில்லை. 1899-இல் மீண்டும் பருவமழை பொய்த்து நாட்டின் பல பகுதிகள் வாடின. 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறை, மழையை முன்கூட்டியே அறிய முயன்றும் உறுதியான வழி கிட்டவில்லை. இந்நிலையில் 1904-இல் அத்துறையின் தலைமைப் பொறுப்பை வாக்கர் ஏற்றார். அவர் வானிலை இயல் பயின்றவர் அல்லர், கணித மேதை. அதுவே நன்மையாயிற்று.

உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றின் பழைய பதிவேடுகளை அவர் திரட்டினார். ஓரிடத்தில் ஏற்படும் மாற்றம் மற்றோரிடத்தின் மழையோடு சேர்ந்து வருகிறதா என்று கணக்கிடச் செய்தார். கணிப்பொறி இல்லாத காலம் அது. இந்திய எழுத்தர் பலர் ஆண்டுக்கணக்கில் கைகளால் கூட்டியும் பெருக்கியும் அக்கணக்குகளை முடித்தனர். வாக்கரின் புகழில் பெயர் தெரியாத அவர்களுக்கும் பங்குண்டு.

திறமை எங்கிருந்தாலும் அதை மதிப்பவர் வாக்கர். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணக்குகள் அவரிடம் காட்டப்பட்டன. உடனே அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைக்க அக்கடிதமும் துணை நின்றது.

வாக்கர் கண்ட பேருண்மை யாது? பசிபிக் பெருங்கடலின் கிழக்கே காற்றழுத்தம் உயர்ந்தால், இந்தியப் பெருங்கடல் பக்கம் அது தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால், இங்கே உயர்கிறது. தராசுத் தட்டுகளைப் போன்ற இந்த ஏற்றத்தாழ்வுக்கு அவர் தென் அலைவு எனப் பெயரிட்டார். ஆயினும் அதன் காரணத்தை அவரால் முழுமையாக விளக்க இயலவில்லை. பருவமழையை ஐயமின்றி முன்னுரைக்கவும் கூடவில்லை. 1924-இல் இந்தியாவை விட்டுச் சென்று இலண்டனில் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1958 நவம்பர் 4-ஆம் நாள் மறைந்தார்.

விடை அதன் பின்னரே வந்தது. 1969-இல் யாக்கோப் பியர்க்னெஸ் என்ற அறிஞர் அக்காரணத்தை விளக்கினார். வழக்கமாக வணிகக் காற்று பசிபிக்கின் வெப்ப நீரை மேற்கே, இந்தோனேசியா பக்கம் தள்ளுகிறது. அங்கே காற்று சூடாகி மேலெழுகிறது. பெரு நாட்டுக் கடற்பகுதியில் கீழிறங்குகிறது. இச்சுற்றுக்கு அவர் வாக்கர் சுழற்சி எனப் பெயர் சூட்டினார். சில ஆண்டுகளில் இச்சுழற்சி தளர்ந்து, பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடாகிறது. அதுவே எல் நினோ.

எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். ஆனால் நமக்குரிய வடகிழக்குப் பருவமழை பல முறை கூடுகிறது. 2015-இல் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அவ்வாண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2023-உம் எல் நினோ ஆண்டே. அவ்வாண்டு டிசம்பரில் குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால் நமது மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எல் நினோ விலகிய 2016-இலோ வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. இது எப்போதும் தவறாத விதி அன்று. எனினும் விதைக்கும் உழவருக்கு இது ஓர் அரிய குறிப்பு.

அன்புத் தோழியரே, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் நாள்தோறும் தவறாமல் எழுதிய மழைப் பதிவேடே வாக்கரின் ஆய்வுக்கு அடித்தளம். நாமும் பள்ளியில் ஒரு மழைமானி வைப்போம். காலை எட்டரை மணிக்கு அளவைப் பார்த்துக் குறிப்போம். மழை இல்லாத நாளில் சுழியம் என்று எழுதவும் மறவாதிருப்போம். நம் கரிசல் மண்ணின் கணக்கை நாமே எழுதினால், நாளை ஒருவர் அதிலிருந்து ஓர் உண்மையைக் காணக்கூடும்.