வானோடி ஜே.ஆர்.டி. டாட்டா

சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சென்னையை அடைந்துவிடுகிறது. காலையில் பிரிக்பீல்ட்ஸில் பசியாறியவர், மாலையில் மயிலாப்பூரில் உறவினர் வீட்டில் அமர்ந்து தேநீர் அருந்தலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இவ்வாறு இல்லை. அன்று தமிழகம் செல்ல விரும்பியோர் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறினர். அப்போது அத்துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1926ஆம் ஆண்டு முதல் வங்கக் கடலில் ஓடிய ரஜூலா என்னும் கப்பலை நம் பாட்டன்மார் பலர் அறிவர். அவர்கள் எழுதிய கடிதங்களும் கப்பலில்தான் சென்றன. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒருவர் ஊரிலுள்ள தாய்க்குக் கடிதம் எழுதினால், பதில் வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கடிதத்திற்காக மக்கள் இவ்வாறு காத்திருந்த காலத்தில், அஞ்சல் பையை விமானத்தில் ஏற்றி இந்தியாவின் வானில் பறந்தார் ஓர் இளைஞர். அவர்தாம் ஜே.ஆர்.டி. டாட்டா. அவருடைய முழுப்பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பதாகும்.

ஜே.ஆர்.டி. 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் பிறந்தார். தந்தை இந்தியாவைச் சேர்ந்த பார்சி வணிகர். தாய் பிரெஞ்சுப் பெண்மணி. ஐந்து பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். பாரிஸ், மும்பை, ஜப்பானின் யோகோஹாமா எனப் பல ஊர்களில் இவர் கல்வி பயில நேர்ந்தது. கோடைக்காலத்தில் இவருடைய குடும்பம் பிரான்சின் வட கடற்கரையில் தங்குவது வழக்கம். அங்குதான் லூயி பிளேரியோவின் குடும்பமும் தங்கியது. 1909ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் பறந்து கடந்தவர் பிளேரியோ. கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதைச் சிறுவன் ஜே.ஆர்.டி. கண்கொட்டாமல் பார்த்து வளர்ந்தான். பதினைந்தாம் வயதில் ஒரு சிறிய விமானத்தில் ஏறிச் சில நிமிடங்கள் வானில் வலம்வரும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது. தான் ஒரு விமானியாக வேண்டும் என்று அன்றே அவன் உறுதி பூண்டான்.

அந்த உறுதி நிறைவேறப் பத்து ஆண்டுகள் ஆயின. 1923ஆம் ஆண்டு தாய் மறைந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில வேண்டும் என்று ஜே.ஆர்.டி. விரும்பினார். ஆனால், தந்தையோ குடும்ப நிறுவனத்தில் சேர்ந்து பணி பழகும்படி அழைத்தார். அவரும் 1925ஆம் ஆண்டின் இறுதியில் ஊதியமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் காலமானார். இருபத்திரண்டு வயதில் உடன்பிறந்தோரைக் காக்கும் பொறுப்பு அவருடைய தோள்மீது விழுந்தது. அத்தனை சுமைக்கு நடுவிலும் வானத்தின்மீது அவர் கொண்ட காதல் குறையவில்லை.

மும்பையில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கழகம் ஒன்று தொடங்கப்பட்டதும், ஜே.ஆர்.டி. அதில் மாணவராகச் சேர்ந்தார். பயிற்றுநருடன் நான்கு மணி நேரம்கூடப் பறந்து முடிக்காத நிலையிலேயே அவர் தனியாகப் பறக்கும் தகுதியைப் பெற்றார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு விமானி உரிமம் வழங்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்டிருந்த எண் ஒன்று. இந்திய மண்ணில் பயின்று விமானி உரிமம் பெற்ற முதல் மனிதர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

அக்கால விமானங்களை இன்றைய விமானங்களோடு ஒப்பிட முடியாது. ஜிப்சி மோத் என்னும் விமானத்தின் உடலும் இறக்கைகளும் மரத்தாலும் துணியாலும் ஆனவை. விமானியின் இருக்கைக்கு மேற்கூரை இல்லை. வெயிலும் மழையும் காற்றும் அவர் முகத்தில் நேரே வந்து மோதும். தரையில் உள்ளோருடன் பேச வானொலிக் கருவி கிடையாது. மடியில் விரித்த வரைபடம், கண்முன் ஒரு திசைகாட்டி, கீழே தெரியும் ஆறும் இருப்புப்பாதையும்தாம் அவருக்கு வழித்துணை. இயந்திரம் நின்றுபோனால், கிடைத்த வயல்வெளியில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தகைய விமானத்தில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு வழங்கப்படும் என்று ஆகா கான் அறிவித்தார். மூன்று இளைஞர்கள் முன்வந்தனர். ஒருவர் மன்மோகன் சிங். இவர் அதே பெயர் கொண்ட பிற்காலப் பிரதமர் அல்லர். மற்றொருவர் பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர். மூன்றாமவர் ஜே.ஆர்.டி. 1930ஆம் ஆண்டு மே மாதம் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பியோ இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார்.

எகிப்து நாட்டின் அபூக்கிர் விமானத் தளத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, அங்கே மற்றொரு மோத் விமானம் நிற்பதைக் கண்டார். அது ஆஸ்பியின் விமானம். அதன் ஸ்பார்க் பிளக் பழுதடைந்திருந்தது. இன்றைய மோட்டார் சைக்கிளிலும் இருக்கும் சிறிய பொருள்தான் அது. இயந்திரத்தினுள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைத் தீப்பொறியால் பற்றவைப்பது அதன் வேலை. அது பழுதானால் இயந்திரம் ஓடாது. மாற்றுப் பிளக் கிடைக்காமல் அந்த இளைஞர் செய்வதறியாது காத்திருந்தார்.

ஜே.ஆர்.டி. ஒன்றும் பேசாமல் தம் வழியே சென்றிருக்கலாம். அவ்வாறு சென்றிருந்தால் பரிசு அவருக்கே கிடைத்திருக்கும். ஆனால், தம்மிடம் உபரியாக இருந்த பிளக்குகளை எடுத்து அவர் ஆஸ்பியிடம் கொடுத்தார். நெஞ்சம் நெகிழ்ந்த ஆஸ்பி, மத்தியதரைக் கடலைக் கடக்கவிருந்த ஜே.ஆர்.டி.க்குத் தமது மிதவைச் சட்டையைக் கொடுத்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்தனர். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி வென்றார். தோற்ற ஜே.ஆர்.டி. வாழ்நாள் முழுவதும் அதற்காக வருந்தவில்லை. அன்று வென்ற இளைஞர் 1960ஆம் ஆண்டு இந்திய வான்படையின் தலைமைத் தளபதியானார்.

அதே மே மாதத்தில் எமி ஜான்சன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியும் ஒரு ஜிப்சி மோத் விமானத்தில் இலண்டனிலிருந்து தனியாகப் புறப்பட்டார். கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக் ஆகிய நகரங்களைக் கடந்து, மலாய்த் தீபகற்பத்தின் வழியே பறந்து சிங்கப்பூரில் இறங்கிய அவர், மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். மரமும் துணியும் கொண்டு செய்த அச்சிறு விமானங்கள் கண்டங்களை இணைக்கத் தொடங்கிய காலம் அது.

போட்டி முடிந்தது. ஜே.ஆர்.டி.யின் மனம் அடுத்த பணிக்குத் தாவியது. அப்பொழுது இலண்டனிலிருந்து விமானத்தில் வந்த அஞ்சல் கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து மும்பைக்கும் சென்னைக்கும் அது இரயிலில் செல்ல வேண்டும். இந்த இடைவெளியை விமானத்தால் நிரப்பலாம் என்ற திட்டத்தோடு வந்தார் நெவில் வின்சென்ட். இவர் பிரிட்டிஷ் வான்படையில் பணியாற்றிய தேர்ந்த விமானி. ஜே.ஆர்.டி. அத்திட்டத்தை ஏற்றுத் தம் நிறுவனத் தலைவரின் இசைவைப் பெற்றார். ஆனால், அரசாங்கம் மானியம் தர முன்வரவில்லை. பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இறுதியில் மானியம் எதுவும் வேண்டாம். சுமக்கும் அஞ்சலின் எடைக்கு ஏற்பக் கட்டணம் தந்தால் போதும் என்று டாட்டா நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே, 1932ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் விடியற்காலை. கராச்சி விமானத் தளத்தில் புஸ் மோத் என்னும் சிறிய விமானம் ஆயத்தமாக நின்றது. ஏறக்குறைய 25 கிலோகிராம் எடையுள்ள அஞ்சல் பை அதில் ஏற்றப்பட்டது. காலை மணி 6.35க்கு ஜே.ஆர்.டி. தாமே விமானத்தை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்ப இறங்கினார். அங்கே விமானத்திற்கான பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது! பிற்பகல் மணி 1.50க்கு மும்பையின் ஜுஹு திடலில் விமானம் இறங்கியது. அங்கிருந்து வின்சென்ட் மற்றொரு விமானத்தில் அஞ்சலை ஏற்றிக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். இந்தியாவின் முதல் உள்நாட்டு விமானச் சேவை இவ்வாறு தொடங்கியது.

அந்தச் சேவைக்குப் பெரிய கட்டடமோ ஓடுபாதையோ இல்லை. கடலோரச் சேற்று நிலத்தில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகைதான் அதன் நிலையம். கைவசம் இரண்டே விமானங்கள் இருந்தன. விமானிகளும் பழுதுபார்ப்போரும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. மழைக்காலத்தில் ஜுஹு திடல் நீரில் மூழ்கிவிடும். அப்போது மூட்டை முடிச்சுகளோடு புனே நகருக்குச் சென்று பணியைத் தொடர்ந்தனர். இத்தனை இடர்களுக்கு இடையிலும் முதல் ஆண்டில் அவர்களின் விமானங்கள் 160,000 மைல் தூரம் பறந்தன; 155 பயணிகளையும் சுமந்தன. நிறுவனம் 60,000 ரூபாய் இலாபம் ஈட்டியது. எல்லாவற்றிற்கும் மேலாக, அஞ்சலைக் குறித்த நேரத்தில் சேர்ப்பதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெற்றது. 1938ஆம் ஆண்டில் இச்சேவை சென்னையிலிருந்து கொழும்புவரை நீண்டது.

ஏறத்தாழ இதே காலக்கட்டத்தில் நம் நாட்டு வானிலும் விமானச் சேவை பிறந்தது. 1937ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் வியர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்று நகரங்களை இணைத்து விமானம் விட்டது. 1941ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானியர் மலாயாவின்மீது படையெடுக்க, அச்சேவை நின்றுபோனது. டாட்டாவின் நிறுவனத்தையும் போர் விட்டுவைக்கவில்லை. தோள்கொடுத்த தோழர் வின்சென்ட் 1942ஆம் ஆண்டு விமானப் பயணத்தின்போது உயிரிழந்தார்.

போர் முடிந்த பிறகு, 1946ஆம் ஆண்டு டாட்டா நிறுவனத்தின் விமானச் சேவை ஏர் இந்தியா என்னும் புதிய பெயர் பெற்றது. 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அதன் முதல் அனைத்துலக விமானம் மும்பையிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. ஆனால், 1953ஆம் ஆண்டில் இந்திய அரசு விமானச் சேவைகள் அனைத்தையும் நாட்டுடைமையாக்கியது. ஜே.ஆர்.டி. இதனை எதிர்த்து வாதிட்டார், பயனில்லை. தாம் விதைத்து, நீரூற்றி வளர்த்த மரம் தம் கையைவிட்டுப் போவதைக் கண்டார்.

அதன் பின்னர் அவர் செய்ததே வியப்புக்குரியது. அரசு கேட்டுக்கொண்டதும், அந்நிறுவனத்தின் அனைத்துலகப் பிரிவுக்குத் தலைவராக இருக்க இசைந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் ஊதியம் பெறாமல் உழைத்தார். பயணம் செய்யும்போதெல்லாம் குறிப்பேட்டைக் கையில் வைத்திருப்பார். இருக்கை சாய்கிறதா, திரைச்சீலை தூய்மையாக இருக்கிறதா, தேநீரும் காப்பியும் உரிய நிறத்தில் இருக்கின்றனவா என்றெல்லாம் கவனித்து எழுதுவார். அழுக்கடைந்த மேசையைக் கண்டால், தலைவர் என்றும் பாராமல் தாமே துடைப்பார். தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தமது வீட்டைப் போலப் பேணினார்.

1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அன்றைய அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அரசின் கடிதம் வருமுன்னரே பிறர் வாயிலாக அறிய நேர்ந்தது. அவருடன் பணியாற்றியோர் மனம் கொதித்தனர். அவருக்கும் வருத்தம் இருந்தது. ஆயினும், வானத்தோடு அவர் கொண்ட உறவை எந்த ஆணையாலும் அறுக்க முடியவில்லை. முதல் அஞ்சல் பயணத்தின் பொன்விழா நாளான 1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், எழுபத்தெட்டு வயதில், பழைய சிறு விமானம் ஒன்றைக் கராச்சியிலிருந்து மும்பைவரை மீண்டும் ஓட்டிவந்தார். இளைய தலைமுறைக்குத் துணிவும் நம்பிக்கையும் ஊட்டுவதே அப்பயணத்தின் நோக்கம்.

1992ஆம் ஆண்டு இந்தியாவின் மிக உயரிய பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனிவா நகரில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை.

மாணவர்களே, ஜே.ஆர்.டி. பரிசுப் போட்டியில் தோற்றார். தாம் கட்டியெழுப்பிய நிறுவனத்தை இழந்தார். அரும்பாடுபட்டு வகித்த பதவியையும் இழந்தார். இருப்பினும், போட்டியாளருக்கு உதவியபோதும் பிறர் உடைமையான நிறுவனத்தில் உழைத்தபோதும் தமக்கு என்ன கிடைக்கும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. செய்யும் பணி செம்மையாக நடக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. ஆகவேதான், பரிசை வென்றவரைவிட, பிளக்கைக் கொடுத்தவரை உலகம் இன்றும் அதிகமாக நினைவில் வைத்திருக்கிறது.