அம்பேத்கரின் இரட்டைப் படிப்பு

இரண்டு முழுநேரப் பட்டப்படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அறிவித்தது. அதன்பின் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்களிடையே ஒரு விருப்பம் அடிக்கடி தென்படுகிறது. பொருளாதார முதுகலையுடன் சட்டத்தையும் சேர்த்து முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக்கல்வி விதிகளோ, சட்டம் பயில்பவர் அதே காலத்தில் வேறொரு வழக்கமான பட்டப்படிப்பில் சேர்வதை அனுமதிக்கவில்லை. விதி எவ்வாறிருப்பினும், விருப்பத்தின் பின்னுள்ள கணக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஓரிரு ஆண்டுகள் மிச்சமாகும். பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள் நிற்கும்.

இந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்று அவரை நாடு கொண்டாடுகிறது. பொருளாதாரத்தில் உயரிய ஆய்வுப் பட்டங்கள் பெற்றவர் என்பதும் விழா மேடைகளில் சொல்லப்படுகிறது. அவ்விரு படிப்பையும் அவர் ஒரே காலத்தில், ஒரே நகரில் மேற்கொண்டார் என்பதும், அதற்கு அவர் கொடுத்த விலையும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் அம்பேத்கர். தந்தை ராம்ஜி, படையில் சுபேதாராக இருந்தவர். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொது நிதியியலில் பேரறிஞரான செலிக்மன் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் குறித்த புகழ்பெற்ற ஆய்வுரையை 1916 மே மாதம் வாசித்தார்.

அதே ஆண்டின் இறுதியில் லண்டன் சென்ற அவர் இரண்டு வாசல்களைத் தட்டினார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு மாணவராகவும், கிரேஸ் இன் என்னும் சட்டச் சங்கத்தில் பாரிஸ்டர் மாணவராகவும் பதிவு செய்துகொண்டார். இன்றைய வாசகருக்கு இது விதிமீறலாகத் தோன்றலாம். அன்றைய ஆங்கிலேய முறையில் அதற்கு இடம் இருந்தது. பாரிஸ்டர் ஆக விரும்புவோர் சட்டத் தேர்வுகளில் தேற வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட நாள்கள் சங்கத்தின் கூடத்தில் இரவு உணவில் கலந்துகொள்ள வேண்டும். அன்றாட வகுப்பு வருகைப்பதிவு என்ற கெடுபிடி இல்லாததால், பகலெல்லாம் பல்கலைக்கழக ஆய்வில் ஈடுபடுவதற்குத் தடை இல்லை. இந்திய மாணவர் பலர் இவ்வாறு இரண்டையும் சேர்த்துப் படித்தனர்.

ஆனால், ஓராண்டுகூட முடியவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் அவர் நாடு திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து ஆய்வைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி அளித்தது. அந்த ஒரு சலுகை இல்லாதிருந்தால் பின்னர் நாம் அறிந்த அம்பேத்கர் உருவாகியிருப்பாரா என்று நான் எண்ணுவதுண்டு.

பரோடாவில் மன்னரின் ராணுவச் செயலாளராகப் பணியில் அமர்ந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் முதுகலை முடித்த அதிகாரிக்கு, அவருடைய சாதி தெரிந்தபின், ஊரில் வாடகைக்கு வீடு தர ஆளில்லை. பார்சி விடுதி ஒன்றில் ஒதுங்கியிருந்தவரை அங்கிருந்தும் வெளியேற்றினர். அலுவலகத்திலும் தீண்டாமை தொடர்ந்தது. பணியைத் துறந்து பம்பாய்க்குத் திரும்பினார். அயல்நாட்டுப் பட்டத்தால் சாதியை வெல்ல முடியாது என்பதை மட்டுமல்லாமல், பிறரிடம் ஊதியம் பெறும் எந்தப் பணியும் தமக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதையும் பரோடா அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும். பாதியில் நின்ற சட்டப்படிப்பு அதன்பின் அவருக்குப் புதிய பொருள் பெற்றது என்றே நான் கருதுகிறேன். தனித்து நின்று தொழில் செய்யக்கூடிய ஒருவரை எவரும் பணிநீக்கம் செய்ய முடியாது.

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். அதே ஆண்டு இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் குறித்து அவர் எழுதிய கட்டுரையை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். நிலம் துண்டு துண்டாவதற்கு வாரிசுரிமைச் சட்டமே காரணம், சட்டத்தால் நிலங்களை ஒன்றுசேர்த்துவிட்டால் வேளாண்மை செழிக்கும் என்பது அன்று பலரின் வாதம். அம்பேத்கர் அதை மறுத்தார். வேறு வேலை இல்லாத மக்கள் நிலத்தையே நம்பி நெருக்குவதுதான் நோய். தொழில்மயமே மருந்து என்றார். மறைமுக வேலையின்மை என்று பிற்காலப் பொருளியல் பெயரிட்ட நிலையை அவர் அப்போதே அடையாளம் கண்டிருந்தார். சட்டம் பயின்றுகொண்டிருந்த ஒருவர், சட்டத்தால் தீராத சிக்கல் எது என்று சொன்னதே இக்கட்டுரையின் சிறப்பு.

1920-இல் பேராசிரியர் பணியைத் துறந்து மீண்டும் லண்டன் புறப்பட்டார். இம்முறை மன்னரின் உதவித்தொகை கிடையாது. ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணம், கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஆகியவையே கையிருப்பு. அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே சென்று, மூடும்போது வெளியேறுவார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பகலுணவுக்குச் செலவிட மனமின்றிப் பசியோடு படித்த நாள்கள் பல. பம்பாயில் மனைவி ரமாபாய் வறுமையோடு குடும்பத்தைக் காத்தார். அத்தம்பதியின் பிள்ளைகளுள் யஷ்வந்த் ஒருவரே பிழைத்து வளர்ந்தார். அம்பேத்கரின் பட்டங்களை எண்ணும்போது அந்த அம்மையாரின் ஆண்டுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1921-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. 1922-இல் பாரிஸ்டர் தகுதி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரூபாயின் சிக்கல் குறித்த டி.எஸ்சி. ஆய்வேட்டை அளித்தார். தேர்வாளர்கள் திருத்தம் கேட்டனர். பணம் தீர்ந்துபோன நிலையில் 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டின் இறுதியில் பட்டமும் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927-இல் முறைப்படி வழங்கப்பட்டது.

ரூபாய் பற்றிய அந்நூலில் அவர் கேள்வி எழுப்பியது, ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் ஆதரித்த பொன் மாற்றுத் திட்டத்தை. வெளிநாட்டுச் செலாவணி வீதத்தைக் காப்பதைவிட, உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் சக்தியைக் காப்பதே முதன்மையானது என்றும், நாணயம் வெளியிடும் அதிகாரத்துக்குத் திட்டவட்டமான வரம்பு வேண்டும் என்றும் வாதிட்டார். ரூபாய் மதிப்பு சரியும்போது விலைவாசி உயரும், கூலி பின்தங்கும். வணிகரின் ஆதாயம் உழைப்பாளியின் இழப்பிலிருந்து வருகிறது என்று காட்டினார். 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியே அந்த நூலிலிருந்து பிறந்தது என்று சிலர் பேசுவது மிகை. ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்த பலருள் அவரும் ஒருவர். மிகைப்படுத்தாமலே மதிக்கத்தக்க அறிவு அவருடையது.

1923-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்யவும் கடன் வாங்க வேண்டியிருந்தது. தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த வழக்குரைஞரை நாடி வரும் கட்சிக்காரர் சிலரே. வணிகச் சட்ட விரிவுரையாளராகப் பகுதிநேரப் பணியும் பார்த்தார். பின்னர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியராகி, 1935-இல் அதன் முதல்வருமானார்.

இரு படிப்பும் ஒன்றாய்க் கலந்த இடம் மகாட் நகரின் சவ்தார் குளம். 1927 மார்ச்சில் அவர் தலைமையில் மக்கள் அக்குளத்தில் நீர் அருந்தினர். அந்த டிசம்பரில் மேல்சாதியினர், குளம் தனியாருக்கு உரியது என்று வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றனர். ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருந்த நிலையில், தடையை மதித்துக் குளத்துக்குள் இறங்காமல் இருக்குமாறு அம்பேத்கர் அவர்களை இணங்கச் செய்தார். வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. யாருடைய சொத்து, யாருக்குப் பயன் என்பது பொருளியலின் கேள்வி. அதற்கு நீதிமன்றத்தில் விடை வாங்குவது சட்டத்தின் பணி.

அரசமைப்புச் சட்டத்திலும் இதே இணைப்பைக் காண்கிறேன். 1833 முதல் 1921 வரை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாய் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே அவருடைய கொலம்பியா ஆய்வு. வரைவுக் குழுத் தலைவராக அவர் நிறைவேற்றித் தந்த சட்டத்தின் 280-ஆவது பிரிவு நிதி ஆணையத்தை அமைக்கிறது. அப்பிரிவு அவர் ஒருவரின் படைப்பன்று. எனினும், நிதிப் பங்கீட்டின் நூற்றாண்டு வரலாற்றை ஆய்ந்தவர் அந்த மேசையின் தலைமையில் இருந்தது நாட்டின் பேறு. அடிப்படைத் தொழில்களும் வேளாண்மையும் அரசுடைமையாவதை அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்று 1947-இல் அவர் அளித்த திட்டம் ஏற்கப்படவில்லை. வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாது என்று 1949 நவம்பரில் அவர் எச்சரித்ததற்கு அந்தப் பொருளியலே அடிப்படை. பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதும், 1951-இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ரூபாய் பற்றிய நூல் 1947-இல் முதல் தொகுதி என்ற குறிப்போடு மறுபதிப்பானது. 1923-க்குப் பிந்தைய நாணய வரலாற்றைச் சொல்ல வேண்டிய இரண்டாம் தொகுதி வரவே இல்லை. நீதிமன்றமும் போராட்டக் களமும் சட்டமன்றமும் அந்தப் பொருளியலாளரின் நேரத்தை எடுத்துக்கொண்டன. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தபோது எழுதப்படாத பக்கங்கள் எத்தனையோ. அத்தகைய அறிஞர் ஒருவர் குளத்து நீருக்காகப் பத்தாண்டு வழக்காட நேர்ந்த சமூகம், அந்த இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இரட்டைப் படிப்பு அவருக்கு ஓர் ஆண்டையும் மிச்சப்படுத்தவில்லை. 1916-இல் தொடங்கியது 1923-இல்தான் முடிந்தது. பணமின்றிப் பாதியில் போன மாணவருக்கு இடத்தைக் காத்து வைத்த ஒரு பல்கலைக்கழகமும், இரு படிப்புக்கும் இடம் தந்த ஒரு முறையும் அவருக்கு வாய்த்தன. நம் விதிகளைத் திருத்துவோர் எத்தனை பட்டம் வழங்கலாம் என்பதோடு, இடைநின்ற ஏழை மாணவர் திரும்பி வர வழி உண்டா என்பதையும் எண்ண வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. இரண்டு படிப்புகளைத் தேர்ந்தெடுக்குமுன், அவ்விரண்டும் சேர்ந்தால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்வி ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்பேத்கரிடம் அது இருந்தது.